சிறுநீர்ப் பட்டியை எவ்வளவு நம்பலாம்?

"பிள்ளையின் சிறுநீரைச் சோதித்தால் உண்மை தெரிந்துவிடும்" என்று நம்பும் பெற்றார் இன்று பலர். சாரதிகளை வேலைக்கு வைத்திருப்போரும் அவ்வாறே எண்ணுகின்றனர். ஐந்து நிமிடத்தில் விடை தரும் அச்சிறு பட்டியில் ஓர் இளைஞனின் படிப்பும் பிழைப்பும் பெயரும் தங்கியிருப்பதால், அதைப் பற்றிச் சற்று ஆறஅமரப் பார்ப்போம்.

முதலில் வாசிக்கும் முறை. கர்ப்பப் பரிசோதனையில் இரண்டு கோடுகள் வந்தால் 'உண்டு' என்போம். இங்கே நிலைமை எதிர்மாறு. இரண்டு கோடுகளும் தெரிந்தால், போதைப்பொருள் குறித்த அளவுக்கு இல்லை என்பதே பொருள். சோதனைக் கோடு மங்கலாக இருந்தாலும் முடிவு அதுவே. அக்கோடு தோன்றாவிட்டால்தான் 'உண்டு'. கட்டுப்பாட்டுக் கோடே வராவிட்டால் பட்டி பழுது. மங்கிய கோட்டைக் கண்டு மகனை அடிக்கும் தகப்பன் பட்டியைத் தவறாக வாசித்தே அடிக்கிறார்.

குறித்த அளவு என்றோம். அபின் வகைக்கு முன்னர் மில்லிலீற்றருக்கு 300 நனோகிராம் என எல்லை வைத்திருந்தனர். கசகசா சேர்த்த பணியாரம் உண்டவர்களும் இதில் அகப்பட்டனர். ஆகவே 1998இல் அமெரிக்க அரசு தன் வேலைத்தலச் சோதனைகளில் அந்த எல்லையை 2000 ஆக உயர்த்தியது. (நாம் சர்பத்தில் போடும் கசகசா பெரும்பாலும் திருநீற்றுப்பச்சை விதை, அதற்கும் அபினுக்கும் சம்பந்தமில்லை.) 300 அளவுப் பட்டிகள் இன்னும் விற்பனையில் உள்ளன. எனவே பெட்டியில் உள்ள எண்ணைப் பார்ப்பது அவசியம்.

மருந்துகளும் பட்டியைக் குழப்பும். கோடீன் கலந்த இருமல் பாணி உடலில் ஓரளவு மோர்பீனாக மாறுகிறது. தடிமனுக்குத் தரும் சூடோஎபெட்ரினும், கர்ப்பிணிகளின் இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் லபெட்டலோலும் 'ஐஸ்' வகைப் பட்டியில் பொய்யாக 'உண்டு' எனக் காட்டக்கூடும். சோதிக்குமுன் குடிக்கும் மருந்துகளைக் கேட்டு எழுதிக்கொள்ளாதவர் சோதிக்காமல் இருப்பதே மேல்.

மறுபக்கமும் உண்டு. அபின் பட்டி டிரமடோல் மாத்திரையைப் பிடிக்காது. பிரெகபலினுக்குத் தனிப் பட்டி வேண்டும். நிறையத் தண்ணீர் குடித்தாலும் சிறுநீர் ஐதாகி 'இல்லை' எனக் காட்டலாம். ஹெரோயின் பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில் மறைந்துவிடும். கஞ்சாவோ, நாள்தோறும் புகைத்தவரிடம் பல வாரங்கள் தங்கும். மூன்று வாரத்துக்கு முன் கஞ்சாவை விட்ட பையனுக்கும் இதனால் 'உண்டு' என்றே வரலாம். அவன் வாக்குத் தவறினான் என்பதற்கு அது சான்றல்ல. வாகனம் ஓட்டும் நேரத்தில் ஒருவர் வெறியில் இருந்தாரா என்பதையும் பட்டி சொல்லாது.

ஆகவே பட்டியின் முடிவு வெறும் சந்தேகமே. அதை உறுதிசெய்ய, வாயு நிறப்பகுப்பும் திணிவு நிறமாலையும் சேர்ந்த கருவியுள்ள ஆய்வுகூடம் வேண்டும். வேலையிலிருந்தோ பாடசாலையிலிருந்தோ ஒருவரை நிறுத்துமுன் அவ்வுறுதியைக் கேட்பது நியாயம். இதற்காகச் சிறுநீரை எடுத்தவுடனே இரண்டு போத்தல்களாகப் பிரித்து, உரியவர் முன்னிலையில் முத்திரையிட்டு, ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டும்.