மொட்டு வரும்வரை

ரொட்டியை உப்ப வைக்கிற ஈஸ்ட், நம் செல்களைப் போல நடுவில் இறுகி இரண்டாவதில்லை. தாய்ச் செல்லின் ஓரத்தில் ஒரு மொட்டு கிளம்பும்; பருத்து மகளாகிப் பிரியும். சத்தான ஊடகத்தில் இதற்கு ஏறக்குறைய 90 நிமிடம். தாயின் குறுக்களவே ஒரு மில்லிமீட்டரில் 200இல் ஒரு பங்குதான்.

விலங்குச் செல் முதலில் குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்து, அவை நிற்கும் நிலைக்கேற்ப எங்கே அறுத்துக்கொள்வது என்று தீர்மானிக்கிறது. ஈஸ்ட்டோ அறுபடும் இடத்தை முன்பே குறித்துவிடுகிறது: தாயும் மொட்டும் சேரும் குறுகிய கழுத்து. உட்கரு பிரியும்போது ஒரு பாதி அந்தக் கழுத்தைக் கடந்து மொட்டுக்குள் போயாக வேண்டும். மொட்டு வருவதற்குள் உட்கரு பிரிந்துவிட்டால் இரண்டும் தாய்க்குள்ளேயே தங்கிவிடும். இந்த ஆபத்து அடிக்கடி நேரக்கூடியது. சூடு திடீரென ஏறினாலோ, சுற்றியுள்ள கரைசலில் உப்பு கூடினாலோ, செல்லின் ஆக்டின் இழைகள் குலைந்து மொட்டின் வளர்ச்சி நின்றுபோகும்.

மொட்டு தடைப்பட்ட செல்லில் உட்கருவும் காத்திருக்கிறது என்று 1995இல் ஆய்வாளர்கள் டேனியல் லூவும் ஸ்டீவன் ரீடும் காட்டினார்கள். காக்க வைப்பது ஸ்வீ1 என்ற புரதம். பிரிவைத் தொடங்கிவைக்கும் நொதியின்மேல் அது ஒரு பாஸ்பேட்டை ஒட்டி அடக்கி வைக்கிறது. ஸ்வீ1 இல்லாத செல்களுக்கு இந்தப் பொறுமை கிடையாது. மொட்டு தடைப்பட்டாலும் பிரிந்து, இரட்டை உட்கருவோடு நிற்கின்றன.

சரி, மொட்டு வந்துவிட்டது என்று ஸ்வீ1க்கு யார் சொல்வது? கண்ணில்லாத, நரம்பில்லாத ஒற்றைச் செல் இது. நான் வியந்து நிற்பது இந்த இடத்தில்தான். மொட்டு கிளம்பப்போகும் இடத்தில் செப்டின் என்ற புரதங்கள் முன்கூட்டியே வளையமாகக் கூடுகின்றன. ஆனால் மொட்டு எழுந்து கழுத்து உருவான பிறகே அந்த வளையத்தில் எச்எஸ்எல்1 என்ற நொதி வந்து அமர்கிறது. அது எச்எஸ்எல்7 என்ற கூட்டாளியை இழுக்க, கூட்டாளி ஸ்வீ1ஐக் கழுத்துக்குக் கொண்டுவருகிறது. அங்கே ஸ்வீ1இன் மேலேயே பாஸ்பேட்டுகள் ஏற்றப்பட்டு, அது அழிவுக்கு அனுப்பப்படுகிறது. பிரிவைத் தொடங்கிவைக்கும் நொதி விடுபட, உட்கரு பிரியத் தொடங்குகிறது. மொட்டை அளந்து பார்த்துச் சேதி சொல்ல இங்கே தனியாக ஒருவரும் இல்லை. தடையை ஒழிக்கும் களத்தையே மொட்டின் கழுத்தில் வைத்துவிட்டதால், மொட்டில்லாமல் தடை எளிதில் நீங்குவதில்லை.

ஸ்வீ1இன் உறவான வீ1 நம் செல்களிலும் உண்டு. டிஎன்ஏ பழுதானால், அது சீராகும்வரை பிரிவை நிறுத்திவைக்க நம் உடல் அதைப் பயன்படுத்துகிறது. அதை முடக்கினால் புற்றுநோய்ச் செல்கள் பழுதோடு பிரியப் போய் மடியும் என்ற எதிர்பார்ப்பில், அதற்கான மருந்துகள் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு வருகின்றன.