அழுத பிள்ளையும் அறிவியலும்

‘அழுத பிள்ளை பால் குடிக்கும்’ என்பது நம் முன்னோர் வாய்மொழி. கேட்பவனுக்கே கிடைக்கும் என்ற பொருளில் நாம் இதனை வழங்கி வருகிறோம். நடத்தையியல் அறிஞர்கள் இப்பழமொழியின் மறுபாதியையும் சேர்த்துச் சொல்வார்கள். அழுது பால் குடித்த பிள்ளை, பால் வேண்டும்போதெல்லாம் மீண்டும் அழும் என்பதே அது. இந்த ஒரு வரியை விரித்தால் ஓர் அறிவியலே விரியும். பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு என்று அதற்குப் பெயர்.

இத்துறையின் அடிப்படைக் கருத்துகளையும் கலைச்சொற்களையும், உளவியலைப் பாடமாகக் கொள்ளாத மாணவ மாணவியரும் அறியும் வண்ணம் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இடையே நான் செய்த பிழை ஒன்றையும் மறைக்காமல் சொல்லப் போகிறேன். நூலில் கற்றதைவிட அப்பிழையில் கற்றது என் மனத்தில் ஆழமாகப் பதிந்திருக்கிறது.

தோற்றமும் வளர்ச்சியும்

அமெரிக்க உளவியல் அறிஞர் எட்வர்ட் தார்ண்டைக், பசித்த பூனைகளைப் பெட்டிக்குள் அடைத்து, அவை தாழ் நீக்கி வெளியேறக் கற்கும் விதத்தை ஆராய்ந்து 1898இல் வெளியிட்டார். பெட்டிக்கு வெளியே உணவு இருக்கும். பூனை முதலில் அங்குமிங்கும் பிறாண்டும். தற்செயலாகத் தாழ் திறந்துகொள்ளும். அடுத்தடுத்த முறைகளில் வெளியேற ஆகும் நேரம் குறைந்துகொண்டே வரும். நல்ல விளைவைத் தரும் செயல் நிலைபெறும், தராத செயல் உதிர்ந்துவிடும் என்ற இக்கருத்து பின்னர் ‘விளைவு விதி’ எனப் பெயர் பெற்றது. இதனைப் பெரியதோர் ஆய்வுத் துறையாக வளர்த்தவர் பி. எஃப். ஸ்கின்னர் (1904–1990). எலிகளைக் கொண்டு அவர் செய்த ஆய்வுகள் 1938இல் நூலாக வெளிவந்தன.

ஆய்வுக்கூடத்தில் கண்ட விதிகளை வீட்டிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் பயன்படுத்திப் பார்க்கும் முயற்சி 1950களிலும் 1960களிலும் வலுப்பெற்றது. 1968இல் இதற்கெனத் தனி ஆய்விதழ் அமெரிக்காவில் தொடங்கப் பெற்றது. அதன் முதல் தொகுதியில் பேயர், உல்ஃப், ரிஸ்லி என்னும் மூவர் எழுதிய கட்டுரை இத்துறைக்கு ஏழு இலக்கணங்களை வகுத்தது. எடுத்துக்கொள்ளும் சிக்கல் மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாததாக இருக்க வேண்டும். அது கண்டு அளக்கக்கூடிய நடத்தையாக இருக்க வேண்டும். மாற்றத்திற்குக் காரணம் நம் செய்முறையே என்று மெய்ப்பிக்க வேண்டும். பிறர் படித்துச் செய்யும் அளவுக்கு அச்செய்முறையைத் தெளிவாக எழுத வேண்டும். அது அடிப்படை விதிகளோடு பொருந்த வேண்டும். பயன் கண்கூடாகத் தெரிய வேண்டும். அப்பயன் நிலைத்து நின்று பிற இடங்களுக்கும் பரவ வேண்டும். இவையே அவ்வேழும்.

நடத்தை என்பது யாது?

‘அவன் சோம்பேறி’ என்று ஒரு மாணவனைப் பற்றிச் சொல்கிறோம். எப்படித் தெரியும் என்றால், வகுப்புக்குத் தாமதமாக வருகிறான் என்கிறோம். ஏன் தாமதமாக வருகிறான் என்றால், சோம்பேறி என்கிறோம். செக்கு மாடு போல ஒரே இடத்தைச் சுற்றி வருகிறோமே தவிர, காரணத்தைக் கண்டபாடில்லை. நடத்தையியல் இவ்வகைப் பட்டப் பெயர்களை ஏற்பதில்லை. ‘சென்ற வாரம் ஐந்து நாள்களில் மூன்று நாள், முதல் மணி அடித்துப் பத்து நிமிடம் கழித்து வந்தான்’ என்று காண்பதையும் எண்ணுவதையுமே அது நடத்தை என்று கொள்ளும். இப்படி எழுதிப் பார்த்தால்தான், அவன் ஊரிலிருந்து வரும் ஒரே பேருந்து அந்த மூன்று நாளும் தாமதம் என்பது நம் கண்ணில் படும்.

ஒவ்வொரு நடத்தைக்கும் முன்னே ஒன்று நிகழ்கிறது. பின்னே ஒன்று விளைகிறது. முன்னதை முன்நிகழ்வு என்றும், பின்னதைப் பின்விளைவு என்றும் கூறுவர். முன்நிகழ்வு, நடத்தை, பின்விளைவு ஆகிய இம்மூன்றையும் வரிசையாகக் குறித்துப் பார்ப்பதே இத்துறையின் முதற்பாடம்.

வலுவூட்டலும் தண்டனையும்

ஒரு செயலின் பின்விளைவால் அச்செயல் மேலும் மிகுமானால் அது வலுவூட்டல் எனப்படும். இது இரு வகைப்படும். செயலுக்குப் பின் ஒன்று வந்து சேர்வதால் அது மிகுந்தால் நேர்மறை வலுவூட்டல். பாராட்டுப் பெற்ற மாணவி மறுநாளும் கை உயர்த்துவது இவ்வகை. செயலுக்குப் பின் ஒரு துன்பம் விலகுவதால் அது மிகுந்தால் எதிர்மறை வலுவூட்டல். வெயிலில் குடை விரிக்கிறோம், சூடு தணிகிறது, மறுநாளும் குடையை மறவாமல் எடுத்துச் செல்கிறோம். எதிர்மறை என்ற சொல்லைக் கண்டு இதனைத் தண்டனை என எழுதி மதிப்பெண் இழக்கும் மாணவர்களை ஆண்டுதோறும் காண்கிறேன். கூட்டல் குறியும் கழித்தல் குறியும் போன்றவையே இங்கு நேர்மறையும் எதிர்மறையும். இரண்டிலும் செயல் வளரும்.

செயலைக் குறைக்கும் பின்விளைவே தண்டனை. ‘அடியாத மாடு படியாது’ என்பார்கள். ஆனால் தண்டனை, எதைச் செய்யக் கூடாது என்று மட்டுமே சொல்லும்; எதைச் செய்ய வேண்டும் என்று சொல்லாது. ஆசிரியர் தலை மறைந்ததும் வகுப்பில் எழும் இரைச்சலே இதற்குச் சான்று. அச்சமும் வெறுப்பும் உடன் வளர்வது வேறு.

வலுவூட்டல் ஒவ்வொரு முறையும் கிடைக்க வேண்டும் என்பதில்லை. எப்போதோ ஒருமுறை கிடைத்தால் செயல் இன்னும் உறுதியாக வேரூன்றும். இதனை இடைவிட்ட வலுவூட்டல் என்பர். தமிழ்நாட்டில் 2003இல் தடை செய்யப்படும் வரை, பரிசே விழாத லாட்டரிச் சீட்டை வாரந்தோறும் வாங்கியவர்களை எண்ணிப் பாருங்கள். என்றோ விழுந்த சிறு பரிசு அவர்களைப் பல ஆண்டுகள் வாங்க வைத்தது.

மறைதலும் உருவாக்கலும்

வலுவூட்டல் அறவே நின்றால் செயல் மெல்ல மறையும். வில்லியம்ஸ் என்பார் 1959இல் இதற்கோர் எடுத்துக்காட்டை வெளியிட்டார். 21 மாதக் குழந்தை ஒன்று, நெடுநாள் நோயுற்றுத் தேறியது. இரவில் அது உறங்கும் வரை பெற்றோரோ உடனிருந்த அத்தையோ அறையில் காத்திருக்க வேண்டும், நகர்ந்தால் வீரிடும். அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை இப்படிக் கழியும். உடலில் குறை ஏதும் இல்லை என்று கண்ட பின், படுக்க வைத்துவிட்டு வெளியேறினர். முதல் நாள் குழந்தை 45 நிமிடம் அழுதது. பத்தாம் முறை அழவே இல்லை, புன்னகை செய்தது. ஒரு வாரம் கழித்து ஒரு நாள் அது சிணுங்க, அத்தை மனம் இளகி உள்ளே திரும்பினார். பழைய அழுகை முழுவதும் திரும்பிவிட்டது! மீண்டும் முதலிலிருந்து தொடங்கித்தான் அதனை நிறுத்த முடிந்தது.

செயல் மறையும் முன் சற்று ஓங்கி எழுவதும் உண்டு. அணையப் போகும் விளக்கு சுடர்விட்டு எரிவதை இதற்கு ஒப்பிடலாம்.

இல்லாத செயலை வரவழைப்பது உருவாக்கல். உல்ஃபும் ரிஸ்லியும் இன்னொருவரும் 1964இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சிறந்த சான்று. மூன்றரை வயதுச் சிறுவன், ஆட்டிசம் உடையவன், கண்புரை நீக்கப்பட்டவன். கண்ணாடி அணியாவிட்டால் பார்வை போய்விடும்; ஆனால் அவனோ அணிய மறுத்தான். ஆய்வாளர்கள் வெற்றுச் சட்டங்களை அறையில் வைத்தார்கள். அவன் எடுத்தால் சிறிது உணவு. கையில் வைத்திருந்தால் சிறிது. முகத்தருகே கொண்டுபோனால் சிறிது. இப்படிப் படிப்படியாக நகர்த்தி, நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 மணி நேரம் கண்ணாடி அணியும் நிலைக்குக் கொண்டுவந்தனர். ஒரு சிறுவனின் பார்வை காக்கப்பட்டது.

நான் செய்த பிழை

இவற்றையெல்லாம் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன் என்ற துணிவோடுதான் 2018ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் மகன், முறையில் எனக்கு மருமகன், அப்போது நான்கு வயதினன், ஆட்டிசம் உடையவன், பேச்சு வரவில்லை. காலையும் மாலையும் அடுக்களையில் திடீரென வீரிட்டுத் தரையில் தலையை மோதுவான். தங்கை ஓடிவந்து தூக்கித் திண்ணைக்குக் கொண்டுபோய்க் கையில் பிஸ்கட் கொடுப்பாள், அவன் அடங்குவான்.

“பிஸ்கட்டுக்காகத்தான் கத்துகிறான். தூக்காதே, பார்க்காதே. தலைக்கு ஒரு தலையணை மட்டும் வை. நாலு நாளில் ஓய்ந்துவிடும்” என்றேன். நாலு நாளில் ஓயவில்லை. கத்தல் கூடியது. அணையப் போகும் விளக்கு என்று விளக்கம் சொன்னேன். ஆறாம் நாள் அவன் நெற்றி வீங்கியிருந்தது. அன்றிரவு தங்கை பால் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். என்னிடம் கேட்டறிந்த மூன்று கட்டங்களை அதன் பின்பக்கத்தில் வரைந்து, ஆறு நாளும் எழுதி வைத்திருந்தாள்.

“அண்ணே, பதினாலு தடவை கத்தியிருக்கான். பன்னெண்டு தடவை மிக்சி ஓடினப்ப, இல்லேன்னா குக்கர் விசில் அடிச்சப்ப. பிஸ்கட்டை அவன் தின்னதே இல்லை. கையில வச்சிருப்பான், அவ்வளவுதான். அவன் சத்தத்துக்குப் பயந்து கத்துறான் அண்ணே.”

நான் தலைகுனிந்தேன். அவனுக்குக் கிடைத்து வந்த வலுவூட்டல் பிஸ்கட் அன்று. இரைச்சலிலிருந்து கிடைத்த விடுதலை. அது எதிர்மறை வலுவூட்டல். நான் ஆண்டுதோறும் மாணவர்களைத் திருத்தும் அதே இடத்தில் நானே தவறியிருந்தேன். என் அறிவுரையால் ஆறு நாள்கள் அந்தப் பிள்ளை தாங்க முடியாத ஓசையின் நடுவே, வெளியேறும் வழியின்றி அடைபட்டுக் கிடந்தான்.

நடத்தையின் பயன்

உண்மையில் இத்துறை நான் தவறியதை முன்பே சொல்லியிருக்கிறது. தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் 9 பேரை ஆராய்ந்து ஐவாட்டாவும் அவர்தம் குழுவினரும் 1982இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தோற்றத்தில் ஒன்றாக இருக்கும் நடத்தை, ஆளுக்கு ஆள் வெவ்வேறு காரணத்தால் நிகழலாம் என்று அது காட்டியது. ஒருவருக்குப் பிறர் கவனம் வேண்டும். ஒருவருக்குக் கடினமான பணியிலிருந்து தப்ப வேண்டும். ஒருவருக்கு அச்செயலே ஓர் உணர்வைத் தரும். இதனை நடத்தையின் பயன் என்று கூறுவர். பயனை அறியாமல் மருந்து கொடுப்பது, நாடி பார்க்காமல் சூரணம் கொடுப்பது போன்றது. 1985இல் காரும் டுராண்டும் இன்னும் ஒருபடி சென்றனர். கத்தலால் எதனைக் கேட்டார்களோ அதனைச் சொல்லால் கேட்கப் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர்; கத்தல் குறைந்தது.

நாங்களும் அவ்வழியே சென்றோம். அவன் தந்தையோடு தெருவில் உலவும்போது மிக்சி ஓட்டுவது என்று முதலில் முன்நிகழ்வை மாற்றினோம். பிறகு வாசற்கதவின் படம் ஒன்றை அடுக்களைச் சுவரில் அவன் கைக்கு எட்டும் உயரத்தில் ஒட்டினோம். அவன் கையைப் பிடித்துப் படத்தைத் தொடவைத்து, உடனே திண்ணைக்கு அழைத்துச் சென்றோம். சில நாளில் முழங்கையை மட்டும் தொட்டோம். பின்னர் படத்தைப் பார்த்தாலே போதுமானதாயிற்று. சைக்கிள் கற்றுக்கொடுப்பவர் பின்னால் பிடித்த கையை மெல்ல விடுவது போன்ற இதற்கு, உதவியைப் படிப்படியாக விலக்கல் என்று பெயர். மூன்று வாரத்தில் தானே ஓடிப்போய்ப் படத்தைத் தட்டினான். கத்தல் முற்றும் நின்றது என்று சொல்லமாட்டேன். ஆனால் நெற்றியில் வீக்கம் இல்லை.

ஓர் எச்சரிக்கை

இத்துறையின் வரலாற்றில் கறையும் உண்டு. லோவாஸ் 1987இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், தீவிரப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளுள் 9 பேர் பிற குழந்தைகளுக்கு நிகராகப் பள்ளியில் பயின்றனர் என்றார். அப்பயிற்சியில் உரத்த அதட்டலும் தொடையில் அறைதலும் இடம்பெற்றிருந்தன. ஆட்டிசம் உடைய குழந்தைகளாக இருந்து வளர்ந்தவர்கள் பலர், தங்களைப் பிறர்போல் நடிக்கப் பழக்கினார்களே தவிரத் தங்கள் துன்பத்தைக் கேட்கவில்லை என்று பின்னாளில் எழுதியுள்ளனர். அந்த ஆறு நாள்களை எண்ணும்போது அவர்கள் கூற்றை என்னால் மறுக்க இயலவில்லை. பின்விளைவை மாற்றினால் நடத்தை மாறும் என்பது விதி. எதனை மாற்ற வேண்டும், யாருடைய நன்மைக்காக என்பதை விதி சொல்லாது. நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாணவச் செல்வங்களே! உங்களுள் பலர் நாளை ஆசிரியராவீர்கள். எல்லாரும் ஏதேனும் ஒரு குழந்தைக்கு மாமனாகவோ அத்தையாகவோ இருப்பீர்கள். பிடிவாதக்காரன், சோம்பேறி என்று பெயர் சூட்டும் முன் ஒரு வாரம் மூன்று கட்டம் வரைந்து எழுதிப் பாருங்கள். பால் கணக்கு நோட்டின் பின்பக்கமே போதும். என் மருமகன் இன்று பள்ளிக்குச் செல்கிறான். பேச்சு சில சொற்களே. ஆயினும் தங்கை மிக்சியை எடுத்து வைத்தாலே, அவன் படத்தை ஒருமுறை தட்டிவிட்டுத் தானே திண்ணைக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறான். அழாமலே கேட்க ஒரு வழி கிடைத்துவிட்டது அவனுக்கு.