கப்பலுக்குக் கண் கொடுத்த விமானம்

சாஃப்ட்வேர்களுக்கு 1.0, 2.0 என்று வெர்ஷன் நம்பர் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதலாம் உலகப் போரில் ஒரு வேவு விமானமும் இப்படித்தான் வெர்ஷன் வெர்ஷனாக வளர்ந்தது. அதன் பெயர் ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபன் எஃப்.எஃப்.33. அது ஏறி வந்த கப்பல் கொழும்பு, பம்பாய் வரை வந்துபோனது. அதைப் பற்றிப் பார்ப்போமா?

மிதவை எதற்கு?

இந்த விமானத்தில் சக்கரங்களுக்குப் பதில் படகு போன்ற இரண்டு மிதவைகள் இருக்கும். கடல்தான் அதன் ரன்வே. அலை அதிகமானால் கிளம்ப முடியாது.

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தை ஏன் மலை உச்சியில் ஏற்றுகிறார்கள்? உயரத்தில் இருந்தால்தான் சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் தெரியும். வேவு பார்ப்பதும் அதே கணக்குதான். உங்கள் கம்ப்யூட்டரில் கால்குலேட்டரைத் திறந்து, உயரத்தை மீட்டரில் கொடுத்து, ஸ்கொயர் ரூட் எடுத்து, 3.57ஆல் பெருக்குங்கள். தொடுவானம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். 30 மீட்டர் உயரக் கப்பல் கம்பத்தில் இருந்து சுமார் 20 கி.மீ. வரும். 1000 மீட்டர் உயரத்தில் பறந்தால் சுமார் 113 கி.மீ. வரும்!

வெர்ஷன்கள்

1914ல் ஜெர்மனியில் உருவான முதல் மாடலில் 120 குதிரைத்திறன் மெர்சிடிஸ் என்ஜின் இருந்தது. இரண்டு பேர் பறக்கலாம். அடுத்து வந்தவற்றில் முக்கியமானது 33இ. இதில் 150 குதிரைத்திறன் பென்ஸ் என்ஜின். மிதவைகளை நீளமாக்கியதால் வாலுக்கு அடியில் இருந்த சிறு மிதவை தேவைப்படவில்லை. பார்த்ததை உடனே சொல்ல ஒயர்லெஸ் டிரான்ஸ்மிட்டரும் சேர்ந்தது. பின்னால் வந்த 33எல் அளவில் சிறியது. அதில் இயந்திரத் துப்பாக்கியும் இருந்தது.

ஓநாய்க்குட்டி

1916 நவம்பர் 30 அன்று, சரக்குக் கப்பல் போல வேடமிட்ட வுல்ஃப் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் கீல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. கேப்டன் கார்ல் நெர்கர். கப்பலின் பெயருக்கு ஓநாய் என்று பொருள். அதில் பாகம் பாகமாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்த 33இ விமானத்துக்கு வொல்ஃப்ஷென், அதாவது ஓநாய்க்குட்டி என்று பெயர்.

1917 பிப்ரவரியில் வுல்ஃப் கொழும்புக்கும் பம்பாய்க்கும் அருகே கண்ணிவெடிகளைப் போட்டது. அதே மாதம் கொழும்புக்கு வெளியே உஸ்டர்ஷயர், பெர்சியஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் கப்பல்கள் மூழ்கின. 1917 ஜூன் 2 அன்று பசிபிக் கடலில் ஓநாய்க்குட்டி வைருனா என்ற கப்பலின் மேல் பறந்து, ஒயர்லெஸைத் தொடாமல் வுல்ஃபை நோக்கி வரும்படி எழுதிய கடிதத்தைப் போட்டது. முன்னால் ஒரு குண்டும் விழுந்தது. வைருனா பணிந்தது.

பேசாமல் கேட்டது

வுல்ஃப் வேகமான கப்பல் அல்ல. எதிரிப் போர்க்கப்பல் கண்டுபிடித்தால் தப்புவது கஷ்டம். அதனால் அது ஒயர்லெஸில் பேசாமல், மற்றவர்கள் பேசுவதை மட்டும் கேட்டது. 1917 ஆகஸ்டில் ரபாவுலுக்குப் போன மட்டுங்கா கப்பலின் சரக்கு விவரம் மறைக்குறி இல்லாமல் ஒயர்லெஸில் போனது. வுல்ஃப் அதைக் கேட்டுவிட்டு வழியில் காத்திருந்து பிடித்தது. 451 நாள் பயணம் முடிந்து, 1918 பிப்ரவரி 24 அன்று பத்திரமாகக் கீலுக்குத் திரும்பியது.

ஒயர்லெஸில் போகும் எதையும் அக்கம்பக்கத்தில் யாரும் கேட்கலாம். அன்றைக்கும் இன்றைக்கும் இதுதான் நிலைமை. உங்கள் வீட்டு வைஃபைக்குப் பாஸ்வேர்டு போட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் இன்றே போட்டுவிடுங்கள்.