பழைய வின்செஸ்டருக்குப் புதுத் தோட்டா

2014 நவம்பர். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் உள்ள கிரேட் பேசின் தேசியப் பூங்காவில் தொல்லியல் குழு ஒன்று பழைய தடயங்களைத் தேடிக்கொண்டிருந்தது. ஜூனிபர் மரம் ஒன்றில் யாரோ சாய்த்து வைத்துவிட்டுப் போன ரைபிள் கண்ணில் பட்டது. குழல் துருவேறியிருந்தது. கட்டை வெயிலில் வெளுத்து வெடித்திருந்தது. அடிப்பகுதி மண்ணுக்குள் போயிருந்தது. பொறிப்புகளைப் படித்து, வயோமிங் மாநிலம் கோடி நகர அருங்காட்சியகத்தில் இருக்கும் கம்பெனிப் பேரேடுகளோடு ஒப்பிட்டபோது, அது 1882-ல் தயாரான வின்செஸ்டர் 1873 ரகம் என்று தெரிந்தது. யார் வாங்கினார், ஏன் விட்டுப் போனார் என்பதற்குப் பேரேட்டில் பதில் இல்லை. பின்கட்டைக்குள் இருந்த பொந்தில் மட்டும் ஒரு தோட்டா கிடைத்தது. யூனியன் மெட்டாலிக் கார்ட்ரிட்ஜ் கம்பெனி 1887-க்கும் 1911-க்கும் இடையில் செய்த .44-40 ரகம். அதாவது, ஆலையை விட்டு வெளியே வந்து குறைந்தது ஐந்து வருடமாவது அந்தத் துப்பாக்கி யாரோ ஒருவர் கையில் புழங்கியிருக்கிறது. பேரேடு சொல்லாததைத் தோட்டா சொல்லிவிட்டது.

வின்செஸ்டர் என்ற பெயர் தமிழ் வாசகர்களுக்குப் புதிதல்ல. சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸையும் லயன் காமிக்ஸையும் படித்து வளர்ந்தவர்களுக்கு டெக்ஸ் வில்லரின் கையிலிருக்கும் துப்பாக்கி நன்றாகவே நினைவிருக்கும். விசைக்குக் கீழே வளையம் போல் ஒரு லீவர். அதைக் கீழே தள்ளினால் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும், குழலுக்கு அடியில் ஓடும் நீண்ட குழாயிலிருந்து அடுத்த தோட்டா மேலேறும். லீவரை மேலே இழுத்தால் தோட்டா அறைக்குள் போய் அடைந்துகொள்ளும். 1873 ரகத்தின் உள்ளே இந்த வேலையைச் செய்வது இரண்டு இணைப்புத் தண்டுகள். லீவர் இறங்கும்போது அவை முழங்கால் மடிவது போல் மடியும், ஏறும்போது நிமிர்ந்து பூட்டிக்கொள்ளும். இந்த முழங்கால் பலவீனமானது என்பதை மறந்துவிடக் கூடாது. கட்டுரையில் பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

ஆலிவர் வின்செஸ்டர் அடிப்படையில் சட்டை வியாபாரி. கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவனில் சட்டை தைக்கும் ஆலை வைத்திருந்தவர், நொடித்துப்போன துப்பாக்கிக் கம்பெனி ஒன்றில் பணம் போட்டார். அவருடைய பணியாளர் பெஞ்சமின் டைலர் ஹென்றி 1860-ல் காப்புரிமை பெற்ற ரைபிள், குழாயில் பதினாறு தோட்டாக்களை அடக்கியது. ஒரு குண்டு சுட்டுவிட்டு அடுத்ததற்கு மருந்து கிட்டித்துக்கொண்டிருந்த காலத்தில் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று சொல்லத் தேவையில்லை. 1876 ஜூனில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் லெப்டினன்ட் கர்னல் கஸ்டரின் படை அழிந்தபோது, அமெரிக்க ராணுவத்தின் கையில் இருந்தவை ஒவ்வொரு குண்டாகப் போட்டுச் சுடும் ஸ்பிரிங்ஃபீல்டுகள். எதிரே நின்ற சூ, செயென் பழங்குடி வீரர்கள் பலரிடம் ஹென்றியும் வின்செஸ்டரும் இருந்தன. 1983-ல் அந்தப் புல்வெளியில் தீ பரவி நிலம் வெறுமையான பிறகு, ஆய்வாளர்கள் மெட்டல் டிடெக்டரோடு இறங்கினார்கள். கிடைத்த வெற்றுக்கூடுகளில் இருந்த ஊசித் தடத்தை ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி மைதானத்தில் எங்கெங்கே நகர்ந்தது என்பதைக்கூட வரைபடமாக்கினார்கள்.

ஹென்றியின் தோட்டாவில் ஒரு குறை இருந்தது. அதைப் பற்றவைக்கும் ரசாயனம் கூட்டின் விளிம்புக்குள்ளேயே அடைக்கப்பட்டிருந்தது. ஒருமுறை சுட்டால் கூடு குப்பைதான். 1873 ரகத்துக்காக வந்த .44-40 அப்படியல்ல. பித்தளைக் கூட்டின் அடியில், நடுவில், தனியாக ஒரு பிரைமர். சுட்டபின் அதைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தலாம். மருந்து போடலாம், குண்டு வைக்கலாம். கடைக்குப் போக நாள் கணக்கில் குதிரையில் போக வேண்டிய நாட்டில் இந்த வசதி சாதாரணமா? வின்செஸ்டர் கம்பெனியே இடுக்கி மாதிரியான ஒரு கருவியைத் துப்பாக்கியோடு சேர்த்து விற்றது. 1873 ரகம் ஏழு லட்சத்துக்கும் மேல் விற்றதற்கு, திரும்பத் திரும்ப நிரப்பக்கூடிய இந்தப் பித்தளைக் கூடும் ஒரு காரணம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

.44-40 என்பதில் முதல் எண் குண்டின் விட்டம், அங்குலத்தில் நூறில் எத்தனை பங்கு என்ற கணக்கு. இரண்டாவது, கூட்டுக்குள் போகும் கரிமருந்தின் எடை. 40 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 2.6 கிராம். அதன் தலையில் 200 கிரெய்ன் ஈயக்குண்டு, கிட்டத்தட்ட 13 கிராம்.

இன்றைக்கு இந்தப் பழைய துப்பாக்கிகளைச் சுடும் அமெரிக்கர்கள் பலர் தோட்டாவைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். அங்கே சட்டம் அதை அனுமதிக்கிறது. பெரும்பாலும் வீட்டு கராஜில், மேசையில் பொருத்திய கைப்பிடி அச்சு ஒன்றின் முன்னால் நடக்கும் வேலை இது. காசு மிச்சம் என்பது ஒரு காரணம். ஆனால் முக்கியமான காரணம் வேறு. கடையில் வாங்கும் தோட்டா எல்லாத் துப்பாக்கிக்கும் பொதுவாகச் செய்யப்பட்டது. நூற்றைம்பது வருடப் பழைய துப்பாக்கிகளோ ஒன்றைப் போல் ஒன்று இருப்பதில்லை. ஒரே ரகம், ஒரே ஆலை என்றாலும் குழலின் உள்விட்டம் கண்ணுக்குத் தெரியாத அளவில் மாறும். அந்த வித்தியாசம் போதும், குண்டு குறி தவற. அதனால் அனுபவசாலிகள் முதலில் மென்மையான ஈயத் துண்டு ஒன்றைக் குழலுக்குள் அடித்து மறுபக்கம் வெளியே தள்ளுகிறார்கள். குழலின் அச்சு அதில் பதிந்துவிடும். மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கேற்ற வார்ப்பில் குண்டு ஊற்றுவார்கள். ஈயத்தோடு கொஞ்சம் தகரம் சேர்ப்பது வழக்கம். செம்பு உறை போட்ட நவீனக் குண்டு அக்காலத்து மென்மையான எஃகுக் குழலைச் சீக்கிரம் தேய்த்துவிடும் என்பதால், மூலத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை.

.44-40 கூட்டின் கழுத்து மிக மெல்லியது, ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர். அச்சுக்குள் ஒரு முடியளவு சாய்வாகப் போனாலும் கசங்கிவிடும். கைத்தோட்டா பழகுகிறவர்கள் முதலில் திட்டுவது இந்தக் கழுத்தைத்தான். ஆனால் அந்த மெல்லிய கழுத்தில்தான் இந்தத் தோட்டாவின் சூட்சுமமே இருக்கிறது. சுடும்போது அது உடனே விரிந்து அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். புகையும் கரியும் பின்னால் வந்து லீவர் பொறிக்குள் புகாது. தடித்த கூடுகளில் இந்த வசதி கிடையாது.

இன்னொரு விஷயம் நீளம். 1873 ரகத்தில் தோட்டாவை மேலேற்றும் கட்டை ஒரே ஒரு தோட்டாவின் நீளத்துக்குக் கணக்காகச் செய்யப்பட்டது. தோட்டா கொஞ்சம் நீண்டால் கட்டை எழும்பாது. கொஞ்சம் குட்டையானால் குழாயில் வரிசையாக நிற்கும் அடுத்த தோட்டாவின் அடிப்பகுதி உள்ளே எட்டிப் பார்த்துச் சிக்கிக்கொள்ளும். அதோடு, குழாயின் சுருள்கம்பி தோட்டாக்களை எப்போதும் நெருக்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வெடிக்கும் அவை ஒன்றையொன்று இடிக்கும். கரிமருந்து கூடு நிறைய இருந்தால் குண்டு உள்ளே நழுவ இடமில்லை. அளவு குறைந்த நவீன மருந்து போட்டால் குண்டுக்குக் கீழே வெற்றிடம்தான். அதனால் கூட்டின் வாயைக் குண்டின் மேல் இறுக்கி மடிக்காமல் விட்டால் நாலு வெடிக்குள் துப்பாக்கி ஸ்தம்பித்துவிடும்.

மருந்துதான் இதில் உயிர்ப் பிரச்சினை. வெடியுப்பு, கந்தகம், கரி சேர்ந்த கரிமருந்து நூற்றாண்டுகளாக ஆண்டது. 1880-களில் பிரான்சில் புகையில்லா மருந்து வந்தது. அளவு குறைவு, அழுத்தம் அதிகம். கரிமருந்தில் தப்புச் செய்வது கஷ்டம். கூடு நிரம்பிவிடும் என்பதால் தவறுதலாக இரண்டு மடங்கு போட்டால் மேலே கொட்டிவிடும். புகையில்லா மருந்து கூட்டின் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். கவனம் சிதறி இரண்டாவது முறை போட்டாலும் வெளியே தெரியாது. .45-70 மாதிரிப் பெரிய கூட்டில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

வின்செஸ்டருக்காகப் பிற்காலத்து ரகங்களை வடிவமைத்தவர் ஜான் பிரவுனிங். அவருடைய 1886, 1892 ரகங்களில் முழங்காலுக்குப் பதில் செங்குத்தாக எழும்பும் எஃகுப் பூட்டுகள் வந்தன. இவை பன்மடங்கு வலுவானவை. 1892 ரகம் அதே .44-40 தோட்டாவையும் சுட்டது. சிக்கல் அங்கேதான் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 1892-க்காகவே வேகம் கூட்டிய .44-40 தோட்டாக்கள் விற்பனைக்கு வந்தன. பெட்டியில் எச்சரிக்கை இருந்தது. ஆனால் தோட்டா அதே நீளம், அதே விட்டம். 1873 ரகத்துக்குள்ளும் தடையில்லாமல் போகும். பெட்டி கிழிந்து தோட்டா மட்டும் கையில் மிஞ்சியவருக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்?

1894 ரகத்தின் கதையும் இதே மாதிரி. கரிமருந்துத் தோட்டாக்களோடு வெளிவந்தது. மறு வருடமே நிக்கல் கலந்த எஃகுக் குழலோடு, புகையில்லா மருந்துக்கான .30-30 சேர்ந்தது. இன்றைய அளவீட்டில் .30-30-க்கு அனுமதிக்கப்பட்ட அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 42,000 பவுண்டு. .44-40-க்கு ஏறத்தாழ அதில் நான்கில் ஒரு பங்குதான். துப்பாக்கிக்குத் துப்பாக்கி வலு இப்படி மாறுவதால்தான் தோட்டா செய்முறைப் புத்தகங்களில் .45-70-க்கு ஒரே தலைப்பின் கீழ் தனித்தனிப் பட்டியல்கள் இருக்கும். பழைய ராணுவ ஸ்பிரிங்ஃபீல்டுக்கு ஒன்று, லீவர் ரைபிளுக்கு ஒன்று, நவீன வலுவான துப்பாக்கிக்கு இன்னொன்று. தோட்டாவின் பெயரைப் பார்த்து மட்டும் மருந்து போடுகிறவருக்கு அந்தப் புத்தகமே ஆபத்து. முதலில் துப்பாக்கியின் ரகத்தையும் பிறந்த வருடத்தையும் பார்க்க வேண்டும், பிறகுதான் பட்டியல்.

குண்டின் மூக்கும் அதே அளவு முக்கியம். குழாயில் தோட்டாக்கள் ஒன்றின் பின் ஒன்றாக நிற்கும்போது, பின்னால் இருப்பதன் மூக்கு முன்னால் இருப்பதன் பிரைமரைத் தொட்டுக்கொண்டிருக்கும். கூர்மையான மூக்காக இருந்து, வெடியின் அதிர்ச்சியில் பிரைமரைக் குத்தினால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும். அதனால் லீவர் ரைபிளின் குண்டுக்குத் தட்டை மூக்கு. இந்த நூற்றாண்டில்தான் ஹார்னடி கம்பெனி, நுனியில் மென்மையான பாலிமர் வைத்துக் கூர்மூக்கைக் குழாய்க்குள் கொண்டுவந்தது. அதற்கு நூறு வருடம் முன்பே, ஜமைக்காவில் பிறந்த ஆர்தர் சாவேஜ் சுழலும் மேகசினோடு தன் ரைபிளைச் செய்து குழாயையே ஒழித்துக்கட்டியிருந்தார்.

பிரவுனிங்கின் 1895 ரகமும் குழாயைக் கைவிட்டுப் பெட்டி மேகசினுக்கு மாறியது. தமிழகத்தோடு உறவுள்ள லீவர் துப்பாக்கி இதுதான். 1904-ல் இதற்காக .405 என்ற பெரிய தோட்டா வந்தது. தியடோர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்க வேட்டைக்குக் கொண்டுபோனார். பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் ஜவளகிரி, பென்னாகரம் பக்கத்துக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடிப் போனபோது கையில் இருந்ததும் .405 வின்செஸ்டர்தான். அவருடைய முதல் வேட்டைப் புத்தகம் 1954-ல் வந்தது. வின்செஸ்டர் பின்னர் இந்தத் தோட்டாவை நிறுத்திவிட்டது. பிறகு பல பத்தாண்டுகளுக்கு உலகெங்கும் .405 வைத்திருந்தவர்களுக்குப் பழைய இருப்பு, இல்லையென்றால் கைத்தோட்டா. ஆலைத் தோட்டா மறுபடி சந்தைக்கு வந்தது இந்த நூற்றாண்டில்தான்.

அமெரிக்காவில் இந்தத் துப்பாக்கிகளின் இன்றைய வாழ்வு பெரும்பாலும் போட்டி மைதானத்தில்தான். 1980-களில் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கவ்பாய் பாணிச் சுடும் போட்டியில் கலந்துகொள்பவர்கள் அந்தக் காலத்து உடையும் புனைபெயருமாக வருவார்கள். இரும்புத் தட்டுகளைச் சுட்டு நேரத்தைக் கணக்கிடுவார்கள். குண்டு ஈயமாகத்தான் இருக்க வேண்டும், கடினமான உறைக்குண்டு இரும்பில் பட்டுத் திரும்பித் தெறிக்கும். அங்கே புழங்குபவை பெரும்பாலும் இத்தாலியில் செய்த நகல்கள். கரிமருந்துப் பிரிவில் சுடுகிறவர்கள் போட்டி முடிந்த அன்றே குழலையும் கூடுகளையும் சோப்பு போட்டு வெந்நீரில் கழுவியாக வேண்டும். ஓர் இரவு விட்டாலே கரிமருந்தின் உப்பு ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னத் தொடங்கிவிடும். நகல்களில் மட்டும் காணும் வேடிக்கை ஒன்று: .45 கோல்ட் தோட்டாவை வின்செஸ்டர் தன் பழைய லீவர் ரைபிள் எதற்கும் போட்டதே இல்லை. ஆனால் இன்றைய நகல்களில் நன்றாக விற்பவற்றில் அதுவும் ஒன்று. சினிமாவும் இப்படித்தான். 1939-ல் வந்த 'ஸ்டேஜ்கோச்' படத்தில், 1880 வாக்கில் நடக்கும் கதையில் ஜான் வெய்ன் சுழற்றிக் காட்டுவது 1892 ரக வின்செஸ்டர்.

இந்தியாவில் நிலைமை வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம், வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். எஸ்டேட் பங்களாக்களிலும் தாத்தா காலத்துப் பெட்டிகளிலும் வேட்டைக்காலத் தோட்டாக்கள் எப்போதாவது தலைகாட்டுவது உண்டு. பித்தளை பச்சை பூத்து, மருந்து செத்திருக்கும் என்று தோன்றும். ஆனால் பல பத்தாண்டுகள் கழித்தும் வெடிக்கும் தோட்டாக்கள் உண்டு. அப்படி ஒன்று கையில் கிடைத்தால் தட்டிப் பார்க்க வேண்டாம், பிரித்துப் பார்க்க வேண்டாம், குப்பையிலோ அடுப்பிலோ போட வேண்டாம். பக்கத்துக் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள்.