காஞ்சி என்று அடித்துப் பாருங்கள்

மடிக்கணினி வாங்கப் போனால் கடைக்காரர் ஒப்பிப்பது எப்போதும் ஒரே பாட்டுதான். ராம் எத்தனை ஜிபி, எஸ்எஸ்டி எவ்வளவு, பிராசசர் எந்தத் தலைமுறை, வங்கி அட்டைக்கு எவ்வளவு தள்ளுபடி. விரல் படப்போகும் இடத்தைப் பற்றி அவரும் பேசுவதில்லை, நாமும் கேட்பதில்லை. எடை, பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் கிடக்கும். ஐந்தாறு வருடம் அந்தப் பொருளோடு குடித்தனம் நடத்தப்போகிறவரின் விரலும் தோளும்தான் இந்த இரண்டுக்கும் விலை கொடுக்கின்றன.

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் வழியில், முத்தியால்பேட்டையை ஒட்டியிருக்கும் ஐயம்பேட்டையை எடுத்துக்கொள்வோம். பட்டு நெசவு ஊர். சேலை டிசைனைக் கணினியில் போடுகிறவருக்கு மடிக்கணினி என்பது தறி வீட்டுக்கும் காஞ்சிபுரம் கடைக்கும் இடையே பஸ்ஸில் போய்வரும் பொருள். கூலிக் கணக்கு எழுதுகிறவருக்கு அது எண்களைத் தட்டும் கல்லாப்பெட்டி. கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு இரண்டும். லேசாகவும் இருக்க வேண்டும், அடிக்க வாகாகவும் இருக்க வேண்டும் என்பது இவர்கள் எல்லோருடைய ஆசை. இந்த இரண்டு ஆசைகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன.

விசைகளை அழுத்திப் பிழைப்பது நெசவு ஊருக்குப் புதிதல்ல. தறியின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டிக்கு அட்டை வேண்டும், ஒவ்வொரு ஊடைக்கும் ஓர் அட்டை. கட்டம் போட்ட தாளில் வரைந்த டிசைனை வரிவரியாகப் படித்து, ‘பியானோ’ என்றே பெயர் வாங்கிவிட்ட எந்திரத்தின் விசைகளை விரலால் அழுத்தி, காலால் மிதித்து, அட்டையில் துளை போடுவார்கள். துளை இருந்தால் பாவு இழை எழும்பும், இல்லாவிட்டால் கிடக்கும். 1804-இல் பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு உருவாக்கிய ஏற்பாடு இது. இதே துளையட்டையை 1830-களில் சார்லஸ் பாபேஜ் தன் கணிப்பொறித் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். 1890-இல் ஹெர்மன் ஹோலரித்தின் துளையட்டைகள் அமெரிக்க மக்கள்தொகையை எண்ணின. அவர் தொடங்கிய நிறுவனம் வேறு சிலவற்றோடு சேர்ந்து, 1924-இல் ஐபிஎம் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

அந்த ஐபிஎம் 1985-இல் விட்ட ‘மாடல் எம்’ விசைப்பலகையை இன்றும் தேடிப்பிடித்து வாங்குகிற பித்தர்கள் உண்டு. ஒவ்வொரு விசைக்கும் கீழே ஒரு சுருள்வில். அழுத்தினால் வில் சட்டென்று மடங்கும், ‘டக்’ என்று சத்தம் வரும். எடை இரண்டு கிலோவுக்கு மேல். விசைப்பலகை மட்டுமே அவ்வளவு! இன்றைய மடிக்கணினிகளில் பாதிக்கு மேல் முழு எந்திரமே அதைவிட லேசு.

அந்த ‘டக்’கில்தான் விஷயம் இருக்கிறது. நல்ல விசையை அழுத்தத் தொடங்கும்போது எதிர்ப்பு கூடிக்கொண்டே போகும். ஓர் இடத்தில் உச்சம் தொட்டு, திடீரென்று சரியும். அந்தச் சரிவைத்தான் விரல், ‘எழுத்து விழுந்துவிட்டது’ என்ற சேதியாக எடுத்துக்கொள்கிறது. உள்ளங்கையையும் விரல்களையும் சேர்த்தால் ஒரு கையில் சுமார் 17,000 தொடு உணர்விகள் இருக்கின்றன. விரல்நுனியில் அவை நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கண் திரையைப் பார்ப்பதற்கு முன்பே இந்தச் சேதி மூளைக்குப் போய்விடும்.

விரலுக்குத் தனி அறிவு உண்டு என்பதை வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் கோர்டன் லோகன், மேத்யூ கிரம்ப் இருவரும் 2010-இல் ‘சயின்ஸ்’ இதழில் அழகாகக் காட்டினார்கள். தேர்ந்த தட்டச்சர்களை உட்காரவைத்து, அவர்கள் செய்த பிழைகள் சிலவற்றைத் திரையில் ஓசைப்படாமல் திருத்தினார்கள். சரியாக அடித்த இடங்கள் சிலவற்றில் இவர்களே பிழையைப் புகுத்தினார்கள். தட்டச்சர்கள் திரையை நம்பினார்கள். புகுத்திய பிழையைத் தம் பிழை என்றும், திருத்தப்பட்டதைத் தாம் சரியாக அடித்தது என்றும் சொன்னார்கள். விரல்கள் ஏமாறவில்லை. உண்மையிலேயே தப்பு விழுந்த இடத்துக்கு அடுத்த எழுத்தில் மட்டும் அவை தயங்கின. மனம் அறியாத பிழையை விரல் அறிந்திருந்தது. அந்த விரலுக்குத் தெளிவான சேதி அனுப்பாத விசைப்பலகையைக் கட்டிக்கொண்டு மாரடிப்பது எவ்வளவு வீண் என்று யோசித்துப் பாருங்கள்.

விசை எவ்வளவு கீழிறங்க வேண்டும்? பணியிட வசதிக்கான ஐஎஸ்ஓ 9241 என்ற உலகத் தரம் 1.5 மி.மீ. முதல் 6 மி.மீ. வரை சொல்கிறது. 2 முதல் 4 மி.மீ. உகந்தது. ஒரு விசையின் நடுவுக்கும் அடுத்ததன் நடுவுக்கும் 19 மி.மீ., ஒரு மி.மீ. கூடலாம், குறையலாம். மேசைக் கணினியோடு வரும் நல்ல விசைப்பலகைகள் 4 மி.மீ. வரை இறங்குகின்றன. இன்றைய மெல்லிய மடிக்கணினிகளில் பல 1 முதல் 1.3 மி.மீ.யில் நின்றுவிடுகின்றன, அதாவது தரத்தின் கீழ் எல்லைக்கும் கீழே. தட்டச்சுப் பள்ளியில் லோயர், ஹையர் பாஸ் செய்தவர்கள் இவற்றில் அடித்தால் விரல்நுனி வலிக்கிறது என்பார்கள். பொய்யில்லை. எழுத்துக் கம்பியை வீசி எறியும் வேகத்தில் பழகிய விரல், ஒரு மில்லிமீட்டரிலேயே கெட்டியான தரையில் போய் முட்டுகிறது.

இந்த ஒரு மில்லிமீட்டரை ஏன் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்? ஒரு சின்னக் கணக்கு. விசைகள் பிடிக்கும் இடம் சுமார் 27.5 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம். அதில் 1 மி.மீ. ஆழம் என்றால் 27.5 கன சென்டிமீட்டர். லித்தியம் பேட்டரியில் லிட்டருக்கு 500 வாட்-மணி என்று அடக்கமாகவே வைத்தாலும், அந்த இடத்தில் ஏறக்குறைய 14 வாட்-மணி அடைக்கலாம். எழுதும்போது 7 வாட் தின்கிற கணினி அதை வைத்து இரண்டு மணி நேரம் ஓடும். உள்ளே பாகங்கள் உட்கார்ந்திருக்கும் விதத்தில் இது அப்படியே நடக்காது என்பது உண்மைதான். ஆனால் வடிவமைப்பாளரின் மேசையில் பேரம் இப்படித்தான் நடக்கிறது. விரலுக்கு ஒரு மில்லிமீட்டரா, பேட்டரிக்கா, இல்லை, ‘உலகிலேயே மெல்லியது’ என்ற விளம்பரத்துக்கா?

மூன்றாவதைத் தேர்ந்தெடுத்துச் சூடுபட்ட கதை ஆப்பிளுடையது. 2015-இல் 920 கிராம் எடையில் ஒரு மேக்புக் விட்டார்கள். அதற்காக ‘பட்டாம்பூச்சி’ என்ற விசை அமைப்பைக் கொண்டுவந்தார்கள். இறக்கம் சுமார் அரை மில்லிமீட்டர். ஒரு தூசி உள்ளே போனால் போதும், விசை ஒட்டிக்கொள்ளும், அல்லது ஓர் எழுத்து இரண்டாக விழும். 2018-இல் இலவசமாகப் பழுதுபார்க்கும் திட்டம் அறிவித்தார்கள். 2019-இல் ‘கத்தரி’ என்ற பழைய விசை அமைப்புக்கே திரும்பினார்கள், இறக்கம் 1 மி.மீ. அமெரிக்காவில் வழக்குப் போட்டவர்களுக்கு 2022-இல் 5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டார்கள். கலிபோர்னியாவின் குளிர்பதன அறையிலேயே தூசிக்குத் தாங்காத விசை, நாள் முழுக்கத் தறி ஓடி நூல்தூசு பறக்கும் வீட்டில் எத்தனை நாள் தாங்கும்?

இதுவரை சொன்னது ஆங்கிலத்தில் அடிக்கிறவருக்கும் பொருந்தும். தமிழில் அடிக்கிறவருக்கு வேறொரு வில்லங்கம் இருக்கிறது. அதை எந்த ஆங்கில விமர்சனமும் சொல்லாது. அது புரிய, தமிழ் விசைப்பலகை வந்த கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் பிழைக்கப் போன இரா. முத்தையா, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 247 எழுத்தையும் ஒரு தட்டச்சுப்பொறிக்குள் அடக்க வழி கண்டார். புள்ளி போன்ற குறிகளை அடித்தால் உருளை நகராது, அடுத்த எழுத்து அதன் கீழேயே வந்து விழும். அந்த யோசனைதான் தமிழைத் தட்டச்சில் ஏற்றியது. கணினி வந்த பிறகு ஆளுக்கொரு விசைப்பலகை என்று குழப்பம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை அடுத்துத் தமிழக அரசு ‘தமிழ்99’ அமைப்பைத் தரமாக்கியது. உயிரெழுத்துகள் பன்னிரண்டும் இடக்கைப் பக்கம். மெய்களில் பெரும்பாலானவை வலக்கைப் பக்கம். ஒரே மெய் இரண்டு முறை வந்தால், அல்லது மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தால், புள்ளி தானாக விழும்.

‘ஐயம்பேட்டை’ என்று அடித்துப் பாருங்கள். ஐ, ய, ம, ப, ஏ, ட, ட, ஐ. எட்டுத் தட்டு, முடிந்தது. இதையே ஆங்கில ஒலிப்பில் அடித்தால் பன்னிரண்டு. நாள் முழுக்க எழுதுகிறவருக்கு இந்த வித்தியாசம் சாயங்காலம் மணிக்கட்டில் தெரியும். எனக்குத் தெரிகிறது.

இனி ‘காஞ்சி’ என்று அடியுங்கள். க, ஆ, ஞ, ச, இ. ஞ எங்கே இருக்கிறது? ஆங்கிலத்தில் மூடும் சதுர அடைப்புக்குறி இருக்கும் விசையில். ச? திறக்கும் சதுர அடைப்புக்குறியில். வலது சுண்டுவிரல் மேல்வரிசையின் கோடிக்குப் போய் இரண்டு விசைகளை அடுத்தடுத்துத் தொட்டுத் திரும்ப வேண்டும். ந அரைப்புள்ளியில், ய மேற்கோள் குறியில், ழ சாய்கோட்டில். நெசவு, சேலை, ஐயம்பேட்டை, தமிழ் எல்லாம் வலது ஓரத்தில் போய் நிற்கும் சொற்கள்.

மடிக்கணினியைச் சின்னதாக்க வேண்டும் என்றால் தயாரிப்பாளர் எந்த விசையைக் குறுக்குவார்? ஆங்கில எழுத்தை அல்ல. அடைப்புக்குறி, மேற்கோள், சாய்கோடு இவற்றைத்தான் ஒல்லியாக்குவார். ஆங்கிலம் அடிக்கிறவருக்கு அவை எப்போதாவது வரும் குறிகள், நட்டமில்லை. தமிழ்99 அடிக்கிறவருக்கு ச போச்சு, ஞ போச்சு, ய போச்சு. 2007-இல் வந்த 7 அங்குல ஈ-பிசி மாதிரியான குட்டிக் கணினிகள், கைக்கணினியோடு ஒட்டிக்கொள்ளும் மெல்லிய விசையட்டைகள் இவற்றில் இந்தக் கொடுமையை நன்றாகப் பார்க்கலாம். 13, 14 அங்குலக் கணினிகள் சிலவற்றிலும் இந்த விசைகளை மட்டும் கொஞ்சம் கிள்ளியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது, சுண்டுவிரலுக்குத் தெரியும். விசைகளில் தமிழ் எழுத்து அச்சிடப்படாததால் பார்த்து அடிக்கவும் வழியில்லை. எஃப், ஜே விசைகளின் மேலிருக்கும் சிறு மேடுதான் வழிகாட்டி. தமிழ்99-இல் இடது மேட்டில் புள்ளியும் வலது மேட்டில் ப-வும் இருக்கின்றன. அங்கிருந்து தூரம் அளந்துதான் மற்ற விரல்கள் போகின்றன. 19 மி.மீ. கணக்கு ஓரத்தில் தப்பினால் ச-வுக்குப் போன விரல் ண-வைத் தொடும்.

ஆங்கில ஒலிப்பு முறையில் அடிக்கிறவர்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் இறக்கத்தையும் எடையையும் மட்டும் பார்த்தால் போதும்.

எடைக்கு வருவோம். 14 அங்குலக் கணினிகள் பெரும்பாலும் 1.2 முதல் 1.6 கிலோ, 15.6 அங்குலம் என்றால் 1.6 முதல் 2 கிலோ. பெட்டியில் போட்டிருப்பது கணினியின் எடை மட்டுமே. சார்ஜர் 200 முதல் 400 கிராம் தனி. பைக்கும் எடை உண்டு. தினம் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர் இதைக் கூட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. டைப்-சி சார்ஜர் உள்ள கணினியாக இருந்தால், போதுமான வாட் உள்ள ஒரே சார்ஜரில் போனையும் கணினியையும் ஓட்டலாம், பையில் ஒரு செங்கல் குறையும்.

15.6 அங்குலத்தின் பெரிய கவர்ச்சி வலப்பக்கம் இருக்கும் எண் விசைகள். கூலிக் கணக்குப் போடுகிறவருக்கு அது வரப்பிரசாதம். மற்றவர்களுக்குத் தொல்லை. எண்களுக்கு இடம் விட்டு எழுத்துகள் இடப்பக்கம் தள்ளிப்போய்விடும், திரைக்கு நேராக உட்கார்ந்தால் கை கோணும், கைக்கு நேராக உட்கார்ந்தால் கழுத்து கோணும். எண் விசைப்பலகை தனியாகவே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது அதற்காக அரைக் கிலோவைத் தினமும் சுமப்பது என் கணக்கில் நியாயமில்லை.

வீட்டில் உட்கார்ந்து நீண்ட நேரம் எழுதுகிறவர் லேசான கணினியை வாங்கிக்கொண்டு, மேசைக்குத் தனியாக ஒரு நல்ல விசைப்பலகை வைத்துக்கொள்ளலாம். கணினியை நாலு புத்தகத்தின் மேல் ஏற்றிவைத்தால் கழுத்தும் நிமிரும். சேலை டிசைன் போடுகிறவருக்கு விசைப்பலகையைவிடச் சுட்டியும் திரையின் நிறத் துல்லியமும் முக்கியம். அரக்குக்கும் மாம்பழ நிறத்துக்கும் நடுவில் திரை பொய் சொன்னால் ஊடை நூல் வீணாகும். அவர் விசை இறக்கத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். தமிழில் எழுதிப் பிழைக்கிறவர் விட்டுக்கொடுக்கக் கூடாது. என்னைக் கேட்டால், வலது ஓரம் கிள்ளப்படாத, விசை 1.5 மி.மீ.க்குக் குறையாமல் இறங்குகிற, 14 அங்குலக் கணினி அவருக்குப் போதும். நூறு இருநூறு கிராம் கூடினால் கூடட்டும்.

கடைக்குப் போகும்போது காட்சிக்கு வைத்திருக்கும் கணினியில் தமிழ்99-ஐ அமைக்கச் சொல்லுங்கள். விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளிலும் 11-இலும் அது உள்ளேயே இருக்கிறது. நின்றுகொண்டு அல்ல, உட்கார்ந்து ஒரு பத்தி அடியுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். விசைப்பலகை கெட்டால் அதை மட்டும் மாற்ற முடியுமா, மேல்மூடியோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். பல மெல்லிய கணினிகளில் இரண்டாவதுதான் பதில், செலவு சில மடங்கு.

பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. 2025-26 பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கணினி தருவதாக அறிவித்தது. இத்தனை லட்சம் கணினிகளை ஒரே கையால் வாங்குகிறவர் சொன்னால் எந்தத் தயாரிப்பாளரும் கேட்பார். தமிழ்99-ஐத் தரமாக்கிய அரசு, இனி விடும் ஒவ்வொரு டெண்டரிலும் இரண்டு வரி சேர்க்க வேண்டும்: ச, ஞ, ய, ழ இருக்கும் விசைகள் மற்ற எழுத்து விசைகளின் அதே அகலத்தில் இருக்க வேண்டும், விசைகளின் மேல் தமிழ்99 எழுத்துகளும் அச்சாகியிருக்க வேண்டும்.