டூரிஸ்ட் விசாவில் போய் தாய்லாந்தில் 'செட்டில்' ஆகலாமா? 8 லட்சம் பாட் கணக்கு இதுதான்!

பாங்காக், பட்டாயா என்று டூர் போய் வந்தவர்கள் பலர் சொல்வது இதுதான்: "நம்ம ஊரு மாதிரியே வெயில். செலவும் கம்மி. ரிட்டையர் ஆனதும் இங்கேயே வந்து உக்காந்துடலாம் போலிருக்கு!"

சரி, டூர் போன இடத்திலேயே, ஊருக்குத் திரும்பாமல், டூரிஸ்ட் விசாவை ஓய்வுக்கால விசாவாக மாற்ற முடியுமா? முடியும். தாய்லாந்து இமிகிரேஷன் விதிகளில் அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் வீட்டை விற்று, பி.எப். பணத்தை வாரிக்கொண்டு கிளம்பும் முன்பு ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அந்த நாடு கேட்கும் பணம் நீங்கள் செலவு செய்ய அல்ல. பேங்கில் வைத்துக் காட்டுவதற்கு!

யாருக்கு கிடைக்கும்?

வயது 50 நிறைந்திருக்க வேண்டும். தாய்லாந்து பேங்கில் உங்கள் பெயரில் 8 லட்சம் பாட் இருக்க வேண்டும். நம்ம காசுக்கு ரூ.20 லட்சத்துக்கும் மேல். இல்லாவிட்டால் மாதம் 65 ஆயிரம் பாட் வருமானம் வருவதற்கு ஆதாரம் காட்ட வேண்டும்.

பணம் வெளிநாட்டில் இருந்து முறைப்படி வந்தது என்று பேங்க் கடிதமும் கேட்பார்கள். யாரிடமோ கைமாற்றாக வாங்கிப் போட்டால் வேலைக்கு ஆகாது. இங்கிருந்து ஒரு நிதியாண்டில் ரூ.10 லட்சத்துக்கு மேல் அனுப்பினால், நம்ம பேங்க் டி.சி.எஸ். வரி பிடிக்கும். வருமான வரி கணக்கு தாக்கல் செய்யும்போது அதை ஈடுகட்டிக் கொள்ளலாம். ஆனால் அதுவரை அந்தப் பணமும் கையில் இருக்காது.

15 நாள் முக்கியம்

பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரையில் எந்த தேதி வரை தங்கலாம் என்று இருக்கும். அந்த தேதிக்கு குறைந்தது 15 நாள் பாக்கி இருக்கும்போதே மனு கொடுத்துவிட வேண்டும். சில அலுவலகங்களில் இன்னும் கூடுதல் நாள் கேட்பதும் உண்டு. கடைசி வாரத்தில் போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

டூரிஸ்ட் விசாவில் போனவர்களுக்கு டி.எம்.86 படிவம். விசா இல்லாமல் இறங்கியவர்களுக்கு டி.எம்.87. கட்டணம் 2 ஆயிரம் பாட். பாங்காக்கில் தங்கியிருந்தால் சேங் வத்தனா இமிகிரேஷன் அலுவலகம். மற்ற ஊர்களில் அந்தந்த மாகாண அலுவலகம்.

மனு ஏற்கப்பட்டால் முதலில் கிடைப்பது 90 நாள்தான். அது முடிவதற்குள் டி.எம்.7 படிவமும் 1,900 பாட்டும் கட்டி ஒரு வருட நீட்டிப்பு வாங்க வேண்டும். பிறகு வருடா வருடம் இதே வேலைதான்.

பணத்துக்குப் பூட்டு

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். நீட்டிப்பு கேட்பதற்கு 2 மாதம் முன்பிருந்தே 8 லட்சம் பாட் அக்கவுண்டில் இருக்க வேண்டும். நீட்டிப்பு கிடைத்த பிறகும் 3 மாதம் அதில் கை வைக்கக் கூடாது. அதன்பின் பாதியை எடுக்கலாம். ஆனால் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. அடுத்த வருட மனுவுக்கு மறுபடி 8 லட்சமாக நிரப்ப வேண்டும்.

அதாவது வருடத்தில் 5 மாதம் முழுப் பணமும் முடக்கம், மீதி 7 மாதம் பாதிப் பணம் முடக்கம். அப்படியானால் வீட்டு வாடகை, சாப்பாடு, ஆஸ்பத்திரி செலவு? அதற்கு தனியாகப் பணம் வேண்டும். 'இருக்கிற 20 லட்சத்தை வைத்து காலத்தை ஓட்டிடலாம்' என்று போனால் முதல் வருடமே முட்டிக்கொள்ளும்.

அவசரத்தில் கிளம்பாதீங்க

ஊரில் ஒரு துக்கம், பேத்திக்கு கல்யாணம் என்று கிளம்பும்போது ரீ-என்ட்ரி பெர்மிட் வாங்காமல் விமானம் ஏறினால், பாடுபட்டு வாங்கிய நீட்டிப்பு அன்றோடு காலி. மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டியதுதான். ஒருமுறை போய்வர ஆயிரம் பாட், பலமுறைக்கு 3,800 பாட். ஊருக்குப் போகாமல் அங்கேயே இருந்தாலும் 90 நாளுக்கு ஒருமுறை முகவரியை இமிகிரேஷனில் பதிவு செய்ய வேண்டும்.

இந்த விசாவில் வேலை பார்க்கவே கூடாது. ஹோட்டலில் கல்லாவில் உட்காருவதும் குற்றம்தான். "ரிட்டையர்மென்ட் விசா எடுத்துக் குடுத்து வேலையும் போட்டுத் தர்றேன்" என்று எந்த ஏஜெண்ட் சொன்னாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். "8 லட்சத்தை நாங்களே ஒரு நாள் உங்க அக்கவுண்ட்ல போட்டுக் காட்டுறோம்" என்பவர்களும் இருக்கிறார்கள். குட்டு வெளிப்பட்டால் மாட்டுவது ஏஜெண்ட் அல்ல, பாஸ்போர்ட்டுக்கு சொந்தக்காரர்தான்.

தேதி தாண்டி தங்கினால் நாளொன்றுக்கு 500 பாட், அதிகபட்சம் 20 ஆயிரம் பாட் அபராதம். போலீஸ் பிடித்துவிட்டால் நாடு கடத்தி, குறைந்தது 5 வருடத்துக்கு அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள்.

ஆகவே ஆசைப்படுவதில் தப்பில்லை. முதலில் ஒரு மாதம் டூரிஸ்டாகவே தங்கி செலவைப் பாருங்கள். விதிகள் அடிக்கடி மாறுவதால் இமிகிரேஷன் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். 8 லட்சம் பாட்டை ஒதுக்கி வைத்த பிறகும் மாதச் செலவுக்குப் பணம் வருமா என்று கணக்குப் போடுங்கள். வரும் என்றால் மட்டும் விசா மாற்றும் வேலையை ஆரம்பியுங்கள். அதுவரை சொந்த வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்!