கிணற்றுச் சுவர் சொல்லித் தரும் பெரணி வளர்ப்பு

பூக்காது, காய்க்காது, விதையும் கிடையாது. ஆனால் வருஷம் பன்னிரண்டு மாசமும் பச்சைப் பசேலென்று இருக்கும். அதுதான் பெரணி. ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ போய் வருகிறவர்கள் ஆசைப்பட்டு ஒரு தொட்டி வாங்கி வருவார்கள். பதினைந்தே நாளில் நுனி கருகிச் சருகாகிவிடும். "மலைச் செடி, நம்ம ஊர் வெயிலுக்கு ஆகாது" என்று தொட்டியைக் கவிழ்த்துவிடுவார்கள்.

அது அப்படியில்லை, சகோதரிகளே! எங்கள் வெண்ணந்தூர்ப் பக்கத்துப் பழைய கல் கிணறுகளை எட்டிப் பாருங்கள். தண்ணீருக்கு மேலே, கல் இடுக்கில், சுண்ணாம்புக் காரை பெயர்ந்த இடத்தில் பெரணி தானாக முளைத்துத் தொங்கும். வெளியே சித்திரை வெயில் கொளுத்தினாலும் அது வாடாது. அங்கே அதற்குக் கிடைப்பது மூன்றே மூன்று: நிழல், ஈரக் காற்று, வேரில் தேங்காத தண்ணீர். இந்த மூன்றையும் வீட்டில் கொடுத்துவிட்டால் பெரணி நம் வீட்டுப் பிள்ளை.

ஈரக் காற்றின் அருமையை எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நெசவு ஊர். காற்று வறண்டால் பாவு நூல் அறுந்துபோகும். தறி வீட்டுத் தரையில் தண்ணீர் தெளித்துக்கொள்வார்கள். நூலுக்கு ஆகிற ஈரம் பெரணிக்கும் ஆகும். "ஏனுங்கக்கா, இது நம்ம வெயிலுக்குத் தாங்குங்களா?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். "தறிக்குப் பக்கத்துல வெச்சுப் பாரு கண்ணு, பாவு பிழைச்சா அதுவும் பிழைச்சுக்கும்" என்றேன். அவள் வீட்டு ஜன்னலடியில் மூன்று கோடையைத் தாண்டிவிட்டது!

முதல் முறை வளர்க்கிறவர்கள் நர்சரியில் 'நெஃப்ரோலெப்பிஸ்' என்று கேட்டு வாங்குங்கள். நடு நரம்புக்கு இருபுறமும் மீன் முள் மாதிரி இலை அடுக்கியிருக்கும். கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பொறுத்துக்கொள்ளும். கறுப்புக் கம்பி போன்ற காம்பும் மெல்லிய இலையுமாக இருக்கும் 'மெய்டன்ஹேர்' அழகுதான். ஆனால் ஒரு நாள் வேர் காய்ந்தாலும் கோபித்துக்கொள்ளும். கை பழகிய பிறகு அதை வாங்கலாம்.

தொட்டியும் மண்ணும்: அடியில் ஓட்டையுள்ள மண் தொட்டி நல்லது. அடியில் உடைந்த ஓடு அல்லது செங்கல் துண்டு ஒரு விரற்கடை போடுங்கள். தோட்ட மண், மக்கிய இலை உரம், ஆற்று மணல் மூன்றையும் சம அளவில் கலந்து, ஒரு பிடி அடுப்புக் கரித்தூள் சேருங்கள். தென்னை நார்க் கழிவு சேர்ப்பதானால் இரண்டு மூன்று தரம் அலசி, உப்பை நீக்கிய பிறகே சேர்க்க வேண்டும்.

கோடைக்கு ஒரு யுக்தி: செடியுள்ள தொட்டியை இன்னொரு பெரிய மண் தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் மணல் நிரப்புங்கள். அந்த மணலைத் தினம் நனைத்தால் போதும். பானைத் தண்ணீர் குளிர்கிற மாதிரி செடியைச் சுற்றிக் குளிர்ச்சி நிற்கும். நேர் வெயிலும், மின்விசிறிக் காற்றும் மட்டும் படக் கூடாது.

தண்ணீர்: விரலால் மேல் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். காயத் தொடங்கினால் ஊற்றலாம். செடியின் நடுக் குருத்தில் ஊற்றாமல் ஓரமாக விடுங்கள். உப்பு மிகுந்த போர்த் தண்ணீரை ஊற்ற ஊற்ற மண்மேல் வெள்ளைப் பொருக்குப் படியும், இலை நுனி கருகும். மழைத் தண்ணீரை ஒரு குடம் பிடித்து மூடி வைத்தால் அதுவே அமிர்தம்.

உரம்: மாதம் ஒரு முறை, சாண நீரை நன்றாக நீர்க்க வடிகட்டி ஊற்றினால் போதும். விசைத்தறி வீடுகளில் பஞ்சுத் தூசி இலையில் அப்பிக்கொள்ளும். வாரம் ஒருநாள் தண்ணீர் தெளித்துக் கழுவிவிடுங்கள்.

இலைக்கு அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் பூச்சி என்று பயந்து மருந்து அடிக்காதீர்கள். பெரணியின் வித்துத் தூள் இருக்கும் பைகள் அவை. மாவுப் பூச்சி வந்தால் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தாலே போய்விடும். செடி முழுக்கக் காய்ந்துவிட்டாலும் தூக்கி எறிய வேண்டாம். இலைகளை அடியோடு கத்தரித்து, மண்ணை ஈரமாக வைத்திருங்கள். வேர் பிழைத்திருந்தால் சில வாரத்தில் பூனைக்குட்டி வால் போலச் சுருண்ட குருத்து எட்டிப் பார்க்கும்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கிணற்றுச் சுவர்களில் ஏணிப்படி போல் இலை அடுக்கிய ஒரு ரகம் உண்டு. 'டெரிஸ் விட்டேட்டா' என்பது அதன் பெயர். மண்ணில் ஆர்சனிக் விஷம் இருந்தால் உறிஞ்சித் தன் இலையில் சேர்த்துக்கொள்ளும் என்று அமெரிக்க விஞ்ஞானிகள் 2001-ல் அறிவித்தார்கள். தொட்டிப் பெரணி எதுவானாலும் கண்ணுக்குத்தான், வாய்க்கு அல்ல. தவழும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

கொல்லிமலையில் சூப்புக்கு விற்கிறார்களே முடவாட்டுக்கால் கிழங்கு, அதுவும் ஒரு பெரணியின் தண்டுதான். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளர்வது. மலையில் கண்ட பெரணியையெல்லாம் பெயர்த்து வந்தால் மலை மொட்டையாகிவிடும். வேண்டியதை நர்சரியிலோ, தோழி வீட்டிலோ வாங்கிக்கொள்ளுங்கள். வெயில் தணிந்த ஆடி, ஆவணியில் ஒரு தொட்டிச் செடியைப் பிரித்தால் இரண்டு மூன்று தொட்டிக்கு ஆகும்.

போர் வந்த பிறகு பழைய கிணறுகள் பல தூர்ந்துகொண்டு வருகின்றன. உங்கள் ஊரில் கிணறு தூர் வாரினால், சுவரைச் சுரண்டிப் போடும் பெரணியில் வேரோடு ஒரு கொத்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். நீங்களாகக் கிணற்றில் எட்டி எடுக்க வேண்டாம். அந்தக் கொத்தைப் பழைய செங்கல் துண்டோடும் சிட்டிகை சுண்ணாம்புக் காரையோடும் சேர்த்து நடுங்கள். காசு செலவில்லாத செடி. நம் ஊர் வெயிலில் பிறந்து வளர்ந்த செடி!